கோபம் வந்தால் கை முந்திவிடும்: டிபிடி சிகிச்சைக்குப் போன எங்கள் அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

எங்கள் வீட்டில் கீழே கொலுசுப் பட்டறை, மேலே குடியிருப்பு. சின்ன வயசிலிருந்தே எனக்கு எதுவும் அளவாக வராது. அழ ஆரம்பித்தால் இரண்டு நாள் அழுவேன், கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்திருந்த நாத்தனார், "உனக்கு எதுவுமே பெருசுதான்" என்றார். வளையங்களைச் சூட்டில் ஒட்டிப் பத்தவைக்க அடுக்கியிருந்த கொலுசுத் தட்டை அப்படியே தட்டிவிட்டேன். மூணு பேருடைய ஒரு நாள் உழைப்பு தரையில் கிடந்தது. அன்று ராத்திரி உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று இருந்தது. அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை என்றும் சொல்ல முடியாது.

தாயத்து கட்டினார்கள். ஒரு டாக்டர் "மனசை அடக்குங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடக்கும் வழி தெரிந்திருந்தால் அவரிடம் எதற்குப் போகப் போகிறேன்?

பிறகு டிபிடி, அதாவது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற பேச்சுச் சிகிச்சை தரும் சைக்காலஜிஸ்ட்டைப் பார்த்தேன். அவர் முதல் நாளே சொன்னார்: "உங்களுக்கு வலிச்சது நியாயம்ங்க. தட்டைத் தட்டிவிட்டது மாத்திக்க வேண்டியது. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை." அதுவரை யாரும் எனக்கு முதல் பாதியைச் சொன்னதே இல்லை. என்னை இருக்கிறபடி ஏற்றுக்கொள்வதையும், நான் மாற வேண்டும் என்பதையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ள விடாமல் சேர்த்துப் பிடிப்பதுதான் அந்தப் பெயரில் இருக்கும் டயலெக்டிகல் என்று விளக்கினார்.

இந்தச் சிகிச்சையை உருவாக்கியவர் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்ஷா லினஹன். திரும்பத் திரும்பச் சாகத் துணிகிறவர்களுக்காக ஆரம்பித்த சிகிச்சை இது. இதற்கான பாடநூல் 1993-இல் வந்தது. 17 வயசில் தானே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் என்பதை அவர் 2011-இல்தான் வெளியே சொன்னார். இதைக் கேட்ட அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன். அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது.

வாரம் ஒரு நாள் தனியாகப் பேசுவோம், ஒரு நாள் வீடியோவில் குழு வகுப்பு. நடக்கிற நொடியைக் கவனிக்க, நெருக்கடியைத் தாங்க, உணர்ச்சியைக் கையாள, மனுஷர்களிடம் கேட்கவும் மறுக்கவும் என்று நாலு பாடம். ஒரு சுற்று முடிய ஆறு மாசம் ஆகும். நான் இரண்டு சுற்று போனேன்.

எனக்கு உதவியது சங்கிலி ஆய்வு. நடந்ததை வளையம் வளையமாகப் பின்னால் பிரித்துக்கொண்டே போக வேண்டும். நாத்தனார் சொன்ன வார்த்தையில் தொடங்கினோம். அதற்கு முன்னால் என்ன? காலையிலிருந்து விரதம். அதற்கும் முன்னால்? அவசர ஆர்டருக்காக ராத்திரி மூணு மணிவரை பட்டறையில் இருந்தேன். நாலைந்து நாளாகவே அப்படித்தான். கொலுசு அறுந்து வந்தால் முழுசையும் உருக்க மாட்டோம், எந்த வளையம் விட்டிருக்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் பத்தவைப்போம். என்னிடம் விட்டுப்போன வளையம் தூக்கம். நாத்தனாரை மாற்ற என்னால் முடியாது. பதினொரு மணிக்கு விளக்கை அணைக்க முடியும். இப்போது அணைத்துவிடுகிறேன்.

போன மாசம்கூட ஒரு தடவை போனை வீசினேன். முழுசாகச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லக் கூடாது, அதனால் இதையும் எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து ஓர் அப்பா:

என் பையனுக்கு 19 வயசு. அவனும் டிபிடிக்குப் போகிறான். நான் காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர். சேலத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் "வண்டியை நிறுத்துப்பா" என்று கத்தி இறங்கிவிட்டான். முன்னாலென்றால் நானும் கத்தியிருப்பேன். சிகிச்சையில் குடும்பத்தாரை உட்கார வைத்து ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: அவன் சொல்வது சரி என்று ஒத்துக்கொள்ள வேண்டாம், அவனுக்கு வலிக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். "ரொம்ப கஷ்டமா இருக்கில்ல சாமி" என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. இருபது நிமிஷம் தடுப்புச் சுவரோரம் நின்றோம். அவனாகவே வந்து ஏறினான்.

வீட்டில் இப்படி ஆனால் அவனுக்கு வாளித் தண்ணீர். மூச்சைப் பிடித்து முகத்தைக் குளிர்ந்த நீரில் முக்கினால், தண்ணீரில் மூழ்கும்போது நடப்பதுபோல உடம்பே இதயத் துடிப்பைக் குறைக்கிறது. அரை நிமிஷம் போதும். எங்கள் ஊர் மார்கழித் தண்ணீருக்கு ஐஸ் தேவையில்லை. இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.

அம்மாபேட்டையிலிருந்து:

அக்கா, நான் மாத்திரை எடுக்கிறேன். அதை விட்டுட்டு இதுக்குப் போகலாமா? வாராவாரம் கொடுக்கக் காசும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பதில்:

தங்கச்சி, மாத்திரையை நீயாக நிறுத்தாதே. நானும் மாத்திரையோடுதான் வகுப்புக்குப் போனேன். நம்ம அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டு. முழு டிபிடி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, ஆனால் இந்தப் பழக்கங்களைச் சொல்லித் தருவார்களா என்று கேள். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குக் கூப்பிடு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம். வெட்கப்படாதே.

காசில்லாமல் செய்யக்கூடியது அட்டை எழுதுவது. தினமும் கோபம், துக்கம், சாகத் தோன்றும் நினைப்பு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை ஓர் எண். என் அட்டை சமையல்கட்டில் காலண்டர் பக்கத்தில் தொங்குகிறது. மாமியாருக்குப் படிக்கத் தெரியாது, எண் தெரியும். நேற்று ராத்திரி அதைப் பார்த்துவிட்டு, "நாலு போட்டிருக்கியே கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்டார்.