சி பிளாக் பேஸ்மென்ட்டில் பேட்டரி டவுன்

வித்யா சி 302 (காலை 7:08): எங்க ஸ்விஃப்ட் ஸ்டார்ட் ஆகலைங்க. பெட்ரோல் வண்டி. சாவி திருப்பினா டக்டக்டக்னு வேகமா சத்தம், மீட்டர் லைட் மங்குது. ராத்திரி உள் லைட்டு எரிஞ்சுட்டே இருந்திருக்கு. யார்கிட்டயாவது ஜம்ப்பர் கேபிள் இருக்கா, இன்னொரு வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் பண்ண?

சண்முகம் ஏ 104 (7:10): வேகமா டக்டக்னா பேட்டரி டவுன்தாம்மா. ஒரே ஒரு டக்கோட நின்னா டெர்மினலையோ, எஞ்சினைச் சுத்தி ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டாரையோ பார்க்கணும். செல்ஃப் நல்லா சுத்தியும் வண்டி எடுக்கலைன்னா கோளாறு வேற இடத்துல. இனி சாவி திருப்பாதீங்க.

இக்பால் பி 201 (7:11): கேபிள் இருக்கு, வண்டியோட வர்றேன். கம்பி தடிமன் 25 ஸ்கொயர் எம்எம், செம்பு.

மீனாட்சி டி 105 (7:12): முதல்ல பேட்டரியைப் பாருங்க வித்யா. உப்பியிருந்தாலோ, ஆசிட் கசிஞ்சாலோ, அழுகின முட்டை வாடை அடிச்சாலோ கேபிள் வைக்கவே கூடாது. மேல இருக்கற சின்னக் கண்ணாடி என்ன கலர்?

வித்யா (7:15): உப்பல, வாடை இல்ல. கண்ணாடி கறுப்பு. மைனஸ்ல வெள்ளையா பூத்திருக்கு.

மீனாட்சி (7:17): கறுப்புன்னா சார்ஜ் இல்ல. வெளுத்துத் தெரிஞ்சா தண்ணி இறங்கிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு ஜம்ப் வேண்டாம். ஆனா அந்தக் கண்ணாடி ஆறு செல்லுல ஒண்ணைத்தான் காட்டும், முழுசா நம்பாதீங்க. பூத்ததைச் சமையல் சோடா கரைச்ச வெந்நீர் தொட்டு பழைய பிரஷ்ல தேய்ங்க. அப்புறம் 10 எம்எம் ஸ்பேனர்ல இறுக்குங்க. கையால திருகினா கிளாம்ப் அசையவே கூடாது. சில சமயம் இதுலயே வண்டி எடுத்துடும்.

வித்யா (7:29): செஞ்சாச்சு. அதே டக்டக்தான்.

சண்முகம் (7:30): சரி. ரெண்டு வண்டியும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம நிக்கணும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இக்னிஷன் ஆஃப், ஏசி லைட் எல்லாம் ஆஃப்.

சிவப்பு முதல்ல வித்யா வண்டி பிளஸ்ல. அதோட மறுமுனை இக்பால் வண்டி பிளஸ்ல. கறுப்பு இக்பால் வண்டி மைனஸ்ல. கடைசிக் கறுப்பு வித்யா பேட்டரிக்குப் போகவே கூடாது. எஞ்சின்ல பெயின்ட் இல்லாத இரும்பு, தடியான பிராக்கெட் போல்ட் எதுவாவது பாருங்க. பேட்டரிய விட்டு ஒரு முழமாவது தள்ளி.

கார்த்திக் ஏ 303 (7:32): மைனஸ்லயே குடுத்தா என்னங்கண்ணா? அதுவும் பாடி எர்த்தோடதானே சேருது?

சண்முகம் (7:35): கரண்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. பிரச்சினை பொறியில. கடைசி கிளிப் வைக்கும்போதுதான் சர்க்யூட் முழுசாகும், அங்கதான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் கலந்தாலே பத்திக்கும். பேட்டரி வெடிச்சா ஆசிட் நேரா முகத்துலதான். அதனாலதான் பொறியைத் தள்ளி வைக்கறோம்.

சிவப்பை முதல்ல மாட்டறதுக்கும் காரணம் உண்டு. கறுப்பு ரெண்டு வண்டியையும் சேர்த்துட்ட பிறகு, பாதி மாட்டின சிவப்போட மறுமுனை இக்பால் வண்டி பாடில பட்டா நேரடி ஷார்ட். பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தா டைனமோ (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) டயோடு, ஃபியூஸ், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) எது வேணாலும் போகும்.

இக்பால் (7:41): மாட்டியாச்சு. என் வண்டி ஓடுது.

சண்முகம் (7:41): 1500 ஆர்பிஎம்ல 5 நிமிஷம் விடுங்க. உடனே செல்ஃப் அடிச்சா மொத்த ஆம்பியரும் கேபிள் வழியா வரணும். கொஞ்சம் ஏறினா வித்யா பேட்டரியும் சேர்ந்து தாங்கும். பேஸ்மென்ட் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க, புகை உள்ளயே நிக்கும்.

அப்புறம் செல்ஃப் 5 செகண்ட், மேல வேண்டாம். எடுக்கலைன்னா ஒரு நிமிஷம் விட்டு மறுபடி. மூணு தடவைக்கு மேல அடிச்சா செல்ஃப் மோட்டார் சூடாகிடும்.

மீனாட்சி (7:43): கேபிள் வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. ஆயிரம் ஆம்ப்னு அட்டையில போட்டிருக்கறதைப் பார்க்காதீங்க. வெளிய ரப்பர் தடியா, உள்ள செம்பு முலாம் பூசின அலுமினியக் கம்பி மெல்லிசா இருக்கும். பெட்ரோல் வண்டி செல்ஃபே 150 ஆம்பியர் பக்கம் இழுக்கும், டீசல் இன்னும் அதிகம். வோல்ட்டெல்லாம் கேபிள்லயே விழுந்துடும், கேபிளும் சுடும்.

வித்யா (7:48): ஸ்டார்ட் ஆயிடுச்சு!! ரொம்ப நன்றிங்க

சண்முகம் (7:48): நிறுத்திடாதீங்க. ஹெட்லைட்டும் புளோயரும் போட்டுட்டுக் கழட்டுங்க, வோல்ட் எகிறினா அது தாங்கிக்கும். கழட்டறது தலைகீழ் வரிசை: எஞ்சின்ல வெச்ச கறுப்பு முதல்ல, உங்க சிவப்பு கடைசில. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டி டைனமோ டெஸ்ட் பண்றேன்னு யார் சொன்னாலும் விடாதீங்க, ஈசியூ போயிடும்.

லதா டி 401 (7:52): எங்களது ஹைப்ரிட். அடுத்த தடவை யாருக்காவது இப்படிக் குடுக்கலாமா?

மீனாட்சி (7:53): வேண்டாங்க. அதோட 12 வோல்ட் பேட்டரி சின்னது, இன்னொரு வண்டி செல்ஃபை இழுக்கச் செஞ்சதில்ல. மின்சார வண்டியும் அப்படித்தான். லாரியில 24 வோல்ட், பக்கமே போக வேண்டாம்.

மீனாட்சி (7:58): இப்பதான் மீட்டர் வெச்சேன். ஓடும்போது 14.1 வோல்ட், டைனமோ நல்லா இருக்கு. வித்யா, ஐடில்ல விட்டா சரியா ஏறாது. ஏசி இல்லாம பைபாஸ்ல 40 நிமிஷம் ஓட்டிட்டு வாங்க. அப்பவும் முழுசா ஏறாது. சாயங்காலம் என் 4 ஆம்ப் சார்ஜரைத் தர்றேன். மைனஸைக் கழட்டிட்டு ராத்திரி முழுக்கப் போடுங்க. பேஸ்மென்ட் பிளக் பாயின்ட் உங்க பில்லர் பக்கத்துலயே இருக்கு.

வித்யா (மறுநாள் மாலை 6:20): அக்கா, காலைல 6 மணிக்கு சார்ஜரை எடுத்தேன், மைனஸ் இன்னும் மாட்டல. இப்ப மீட்டர் 12.2 காட்டுது.

மீனாட்சி (6:24): முழுசா ஏறினது 12.6ல நிக்கணும். 12.2ன்னா பாதிதான். மைனஸ் கழட்டியிருந்தும் இறங்கிருக்குன்னா வண்டில கரண்ட் கசிஞ்சு இறங்கினது இல்ல, பேட்டரியே தாங்கல. எந்த வருஷம் வாங்கினது?

வித்யா (6:25): 4 வருஷம் ஆகப்போகுது

மீனாட்சி (6:27): பில்லும் வாரன்டி கார்டும் எடுத்துட்டு லோட் டெஸ்ட்டுக்குப் போங்க, பேட்டரியை நிறைய கரண்ட் இழுக்க வெச்சு வோல்ட் பார்ப்பாங்க. மீட்டரை நீங்களே பாருங்க, 15 செகண்ட் லோட்ல 9.6க்குக் கீழ இறங்கினா மாத்தித்தான் ஆகணும். புதுசு எடுத்தா 35 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரி கொள்ளளவு) தான்னு கேட்டு வாங்குங்க, டெர்மினல் எந்தப் பக்கம்னு பழசைப் படம் எடுத்துக்கோங்க.

இக்பால் (6:30): கேபிள் என் வண்டிலயேதான் இருக்கு. கிளம்பறப்போ சொல்லுங்க, வர்றேன்.