34 ஜிபி எங்கே போனது? மறைந்திருக்கும் சிஸ்டம் ஃபைல்களோடு எங்கள் அனுபவங்கள்

காலண்டர் மேசை, சிவகாசி:

ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு முந்தைய மூன்று வாரம் டிசைன் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வீட்டு நினைவே வராது. இந்த வருடம் சரியாக அந்த நேரத்தில் என் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. முருகன் படம் போட்ட தினசரி காலண்டர் அட்டை, முப்பது லேயருக்கு மேல். சேவ் கொடுத்தால் ஸ்கிராட்ச் டிஸ்க் (டிசைன் மென்பொருள் தற்காலிகமாக எழுதி வைக்கும் இடம்) நிறைந்துவிட்டது என்கிறது. சி டிரைவைப் பார்த்தால் பட்டை முழுக்கச் சிவப்பு. 118 ஜிபியில் மிச்சம் 640 எம்பி.

என் வேலை ஃபைல் ஒன்றுகூட சி டிரைவில் கிடையாது. எல்லாமே டி டிரைவில், 1 டிபி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. சி-யில் விண்டோஸும் நாலைந்து மென்பொருளும்தான். சரி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று சி டிரைவைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்த அத்தனை ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே போய் 83 ஜிபியில் நின்றது. நிறைந்திருப்பதோ 117. நடுவில் 34 ஜிபிக்குக் கணக்கே இல்லை.

ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்துக்குப் போனேன். அங்கே இரண்டு பூட்டு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பது முதல் பூட்டு. அதைத் திறந்தால் சிலது மட்டும் தெரியும். அதற்குச் சற்றுக் கீழே, பாதுகாக்கப்பட்ட ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்களை மறை என்று இன்னொரு டிக் இருக்கும். அதை எடுத்தால் எச்சரிக்கை ஒன்று வரும், யெஸ் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் சி டிரைவில் மங்கலான ஐகான்களோடு அவை வரிசையாக வந்து நின்றன. ஹைபர்ஃபில்.சிஸ் 6.3 ஜிபி. பேஜ்ஃபைல்.சிஸ் 14.2 ஜிபி. ஸ்வாப்ஃபைல்.சிஸ் வெறும் 16 எம்பி, அதை விட்டுவிடலாம். அப்புறம் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்று ஒரு ஃபோல்டர், திறக்கவே விடவில்லை.

முதலில் ஹைபர்ஃபில். ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு கம்ப்யூட்டரை அணைக்கும்போது, ரேமில் இருப்பதை எழுதி வைத்துக்கொள்ள விண்டோஸ் முன்கூட்டியே பிடித்து வைக்கும் இடம் இது. விண்டோஸ் 10-லும் 11-லும் வழக்கமாக ரேமில் 40 சதவீதம். ஜனவரியில்தான் வேகத்துக்காக ரேமை 8-லிருந்து 16 ஜிபி ஆக்கியிருந்தேன். அன்றே இந்த ஃபைலும் இரண்டு மடங்காகியிருக்கிறது. என்னுடையது டெஸ்க்டாப். ராத்திரி ஷட்டவுன் செய்து, காலையில் ஆன் செய்வேன். ஒரு நாளும் ஹைபர்னேட் செய்ததில்லை. டெலீட் கொடுத்துப் பார்த்தேன், பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிட்டது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுத்தேன் (தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான்). எந்தச் செய்தியும் வரவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டது. எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் ஃபைல் இல்லை, 6.3 ஜிபி காலியாகியிருந்தது. இதனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும், அதுவும் இந்த ஃபைலை நம்பித்தான் இருக்கிறது. காலையில் விண்டோஸ் எழுந்து வரச் சில நொடி கூடுதல், அவ்வளவுதான். லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஆஃப் செய்ய வேண்டாம் என்பேன். பாட்டரி தீரும் நேரத்தில் திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது இதுதான்.

பேஜ்ஃபைலில்தான் தப்பு செய்தேன். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் எழுதி வைக்கும் இடம் அது. 16 ஜிபி ரேம் இருக்கும்போது அது எதற்கு என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நானும் வர்ச்சுவல் மெமரியில் 'நோ பேஜிங் ஃபைல்' வைத்து ரீஸ்டார்ட் செய்தேன். 14 ஜிபி ஒரேயடியாகக் கிடைத்தது. மறுநாள் மதியம் இரண்டு பெரிய அட்டைகளைச் சேர்த்துத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தபோது மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. ஒன்றரை மணி நேர வேலை போயிற்று. மயில் தோகையின் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக வெட்டி எடுத்து வைத்திருந்தேன், அத்தனையும் போயிற்று. மென்பொருள்கள் கேட்கும் நினைவகத்துக்கெல்லாம் விண்டோஸ் உத்தரவாதம் தருவது ரேமையும் பேஜ்ஃபைலையும் சேர்த்து வைத்துத்தான். பேஜ்ஃபைல் இல்லாவிட்டால் ரேம் தீர்ந்த இடத்தில் கதவு அடைபடுகிறது. அன்று சாயங்காலமே குறைந்தபட்சம் 4096, அதிகபட்சம் 8192 எம்பி என்று வைத்தேன். இன்றுவரை 4 ஜிபியிலேயே நிற்கிறது.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷனில் இருப்பது ரீஸ்டோர் பாயிண்ட்கள், விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப எடுத்து வைத்தவை. ஃபோல்டரைத் திறக்கவே வேண்டாம். சிஸ்டம் புரொடெக்ஷனில் கான்ஃபிகர் அழுத்தினால் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அதுவே சொல்லும். எனக்கு 10.5 ஜிபி. அங்கேயே உள்ள ஸ்லைடரை 3 சதவீதத்துக்கு இறக்கினேன், பழைய பாயிண்ட்கள் தாமாகவே கழிந்தன. முழுவதும் நிறுத்தவில்லை. வேலை நாளில் ஒரு அப்டேட் படுத்துக்கொண்டால் திரும்பிப் போக அது வேண்டும்.

மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 24 ஜிபி கிடைத்தது. ஸ்கிராட்ச் டிஸ்கையும் டி டிரைவுக்கு மாற்றிவிட்டேன். ஆல்பம் நேரத்துக்கு அச்சுக்குப் போனது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஸ்குரூடிரைவர், திருநெல்வேலி:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அக்கா. சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், இதே புகாரோடு வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். அவர்களில் ஒருவரை மறக்க முடியாது. மொத்த வியாபாரி, மார்ச் கடைசி வாரம், கணக்கு முடிக்கும் நேரம். இடம் போதவில்லை என்று மறைந்த ஃபைல்களையெல்லாம் காட்ட வைத்து, விண்டோஸுக்குள் இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டரைக் கண்டுபிடித்திருக்கிறார். 11 ஜிபி. பழைய செட்டப் ஃபைல்கள்தானே என்று மொத்தமாக அழித்துவிட்டார். பத்து நாள் எதுவும் தெரியவில்லை. அப்புறம் பில்லிங் மென்பொருளுக்கு அப்டேட் வந்தது. அது தன் பழைய செட்டப்பை அந்த ஃபோல்டரில் தேடியது, கிடைக்கவில்லை. அப்டேட்டும் ஏறாது, அன்இன்ஸ்டாலும் ஆகாது. டேட்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு விண்டோஸையே புதிதாகப் போட வேண்டியதாயிற்று. ராத்திரி ஒரு மணி வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தார், பாவம். அந்த ஃபோல்டரைக் கையால் தொடவே கூடாது.

இன்னொன்று, வின்எஸ்எக்ஸ்எஸ், விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் ஃபோல்டர். அதன் அளவைப் பார்த்துப் பலரும் பயந்துவிடுகிறார்கள். ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் இருப்பதை ஹார்ட் லிங்க் என்பார்கள். வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் அப்படிப்பட்டவை ஏராளம். எக்ஸ்ப்ளோரர் அதை இரண்டு தடவை எண்ணிவிடும், உண்மையில் பிடித்திருக்கும் இடம் குறைவு. அளவு சரியாகத் தெரிய விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் என்ற கமாண்டில் அனலைஸ் காம்போனென்ட் ஸ்டோர் கொடுங்கள், கழிக்கலாமா வேண்டாமா என்றும் அதுவே சொல்லும். கழிக்கும் கமாண்டோடு ரீசெட்பேஸ் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிச் சில வீடியோக்களில் வருகிறது. கொடுத்துவிட்டால் ஏற்கெனவே ஏறிய அப்டேட்களைத் திரும்ப எடுக்க முடியாது, யோசித்துச் செய்யுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ்.ஓல்டு என்று பழைய விண்டோஸ் 20 ஜிபி நின்றால் பதற வேண்டாம், 10 நாளில் தானே போய்விடும். அவசரம் என்றால் டிஸ்க் கிளீனப்பில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தி எடுக்கலாம்.

அக்கா, ஒரு கேள்வி. உங்கள் 34-இல் 31 ஜிபிக்குத்தான் கணக்கு வந்திருக்கிறது. மீதி 3 எங்கே?

களப்பணி மாணவி, மதுரை:

என்னுடையது மேக்புக். நாட்டுப்புறக் கலைஞர்களைப் பேட்டி கண்ட வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, 40 ஜிபியை அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். டிஸ்க் யூட்டிலிட்டியில் பார்த்தால் காலி இடம் கொஞ்சமும் கூடவில்லை. மறுநாள் கரகாட்டக் குழுவைப் பதிவு செய்ய ஊருக்குப் போக வேண்டும், இடமில்லாமல் என்ன செய்வது என்று அழுகையே வந்துவிட்டது. காரணம் டைம் மெஷின், மேக்கில் இருக்கும் பேக்கப் வசதி. அது கம்ப்யூட்டருக்குள்ளேயே மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து ஃபைல்களின் பதிவு) எடுத்து 24 மணி நேரம் வைத்திருக்கும். நான் அழித்த வீடியோக்கள் அந்த ஸ்னாப்ஷாட்களுக்குள் இன்னும் இருந்தன. டெர்மினலில் 'டிஎம்யூட்டில் லிஸ்ட்லோக்கல்ஸ்னாப்ஷாட்ஸ் /' என்று தட்டிப் பார்த்தபோது தேதியும் நேரமுமாக ஒரு நீளப் பட்டியல் வந்தது. ஒன்றையும் தொடவில்லை. மறுநாள் மாலை பார்த்தபோது 40 ஜிபியும் வந்திருந்தது. அதிலிருந்து பெரிய வீடியோக்களைப் பயணத்துக்கு முதல் நாள் வரை வைத்திருப்பதில்லை, இரண்டு நாள் முன்பே மாற்றிவிடுகிறேன்.

காலண்டர் மேசை, சிவகாசி:

தம்பி, சரியாகப் பிடித்தீர்கள். நேற்று ராத்திரி வேலை முடித்துவிட்டு அந்த 3 ஜிபியைத் தேடினேன். புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டரும் மறைந்தே இருப்பது. அதற்குள் மைக்ரோசாஃப்ட், சர்ச், டேட்டா என்று இறங்கிப் போனால் விண்டோஸ்.ஈடிபி, 2.6 ஜிபி. ஃபைல்களைச் சட்டென்று தேடிக் கொடுப்பதற்கான அட்டவணை அது. என் டி டிரைவில் பதினைந்து வருடக் காலண்டர் வேலை கிடக்கிறது, முழுவதையும் அது குறித்து வைத்திருக்கிறது. அழிக்கவில்லை. இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் பழைய வருட ஃபோல்டர்களை மட்டும் நீக்கிவிட்டு, அட்வான்ஸ்டு போய் ரீபில்ட் கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலையில் 700 எம்பி. அப்புறம் அந்த இரண்டு பூட்டையும் பழையபடி போட்டுவிட்டேன், கடையில் பையன்களும் இதே கம்ப்யூட்டரில்தான் வேலை செய்கிறார்கள்.