மொரப்பூர் குட்டி ரயில்: பழைய தடம் எங்கே?

பாலக்கோட்டான்:
மொரப்பூரில் கிளம்பின அந்தக் கால குட்டி ரயில் தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போனதாகச் சொல்கிறார்கள். சரிதானா? தடத்தை இப்போது எப்படி அடையாளம் காண்பது?

தண்டவாளம்:
கிருஷ்ணகிரி அந்தப் பாதையிலேயே இல்லைங்க. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905ல் வந்த தனிப் பாதை. மொரப்பூர்–தருமபுரி 1906, 1913ல் ஓசூர் வரை நீண்டது இதுதான். இரண்டும் நேராகச் சந்திக்கவில்லை, நடுவில் சென்னை–சேலம் மெயின் லைன்தான் இணைப்பு.

தாது வருஷப் பஞ்சத்துக்குப் (1876–78) பிறகு, அடுத்த பஞ்சத்தில் தானியம் உள்ளே போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கில் போட்ட பாதைகள் இவை. அதனால் செலவைச் சுருக்கி 2 அடி 6 அங்குல கேஜ் (இரு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி). மெயின் லைனோ 5 அடி 6 அங்குலம். வினை அங்கேதான். மொரப்பூர் வந்த வேகன் அப்படியே தருமபுரி போகாது. மூட்டை மூட்டையாக இறக்கி அடுத்த வண்டியில் ஏற்றணும். கூலி இரட்டிப்பு, சாக்கு கிழிந்தால் சேதாரம் வேறு. மோட்டார் வண்டி வந்த பிறகு இது தாக்குப்பிடிக்குமா? கிருஷ்ணகிரி பாதை 1936ல் மூடல். ஓசூர் பாதை 1941ல், போர்க்காலத்தில்.

சங்கிலி_அளவு:
தடம் தேட முதலில் ஒரு அங்குல (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) சர்வே வரைபடம் பாருங்கள். மொரப்பூர், தருமபுரி 57 எல் வரிசைத் தாள்களில் வரும், ஓசூர் 57 எச் வரிசையில். 1941க்கு முந்தைய பதிப்பாக இருக்கணும். பிறகு ஊர்வாரியாகப் புலப்படமும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பழைய ‘அ’ பதிவேடும் (நிலத்தின் வகை, பரப்பு எழுதிய கிராமக் கணக்கு). பக்கத்துப் புலங்களை அறுத்துக்கொண்டு நாடா மாதிரி ஒல்லியாக ஒரு சர்வே எண் ஊர் எல்லை தாண்டியும் தொடர்ந்தால் சந்தேகப்படலாம். ரோடாகவோ வாய்க்காலாகவோ மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு, வகைப்பாட்டைச் சரிபாருங்கள்.

களத்தில் ஏரிக்கரையைப் பார்த்து ஏமாறுவதுதான் அதிகம். ஏரிக்கரைக்கு மதகு இருக்கும், ஒரு பக்கம் தண்ணீர் நிற்கும். ரயில் கரை இரு பக்கமும் ஒரே மாதிரி சரிந்து, மேலே தட்டையாக, ஓடை குறுக்கிடும் இடத்தில் சிறு பாலத்தோடு இருக்கும். வண்டிப்பாதை மேட்டில் நேராக ஏறிவிடும். ரயில் பாதை மேட்டை வெட்டிப் போகும், இல்லாவிட்டால் சுற்றிப் போகும்.

இன்னொன்று: ராயக்கோட்டை வழியாக இப்போது ஓடும் சேலம்–பெங்களூரு பாதை சுதந்திரத்துக்குப் பிறகு மீட்டர் கேஜாக (ஒரு மீட்டர் இடைவெளி) வந்து, பின்னால் அகலப் பாதையானது. அதைப் பார்த்து ‘பழைய தடம்’ என்று குறித்துவிடாதீர்கள்.

பாலக்கோட்டான்:
நன்றி. 2019ல் அடிக்கல் நாட்டின மொரப்பூர்–தருமபுரி புதுப் பாதை பழைய தடத்திலேயே வருமா?

தண்டவாளம்:
முழுக்க வராது. குட்டி ரயில் திரும்பின நெருக்கமான வளைவில் அகலப் பாதை வண்டி வேகமாகப் போக முடியாது.