இங்கிலாந்தில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் தமிழ் சொல்லித் தரலாமா? அவசரம்

கோத்தகிரி_டீச்சர்: வணக்கம். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊரில் ஸ்கூலில் தமிழ் எடுத்தவள், இங்கே தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்கு ஜூமில் சொல்லித் தருகிறேன், பணம் ஜிபேயில் ஊர் அக்கவுண்ட்டுக்கு வருகிறது. நேற்று ஒரு அம்மா இன்வாய்ஸ் கேட்டார். அவரோட ஃப்ரெண்ட் வேறு, விசாவில் சிக்கலாகித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிறார். சனிக்கிழமை வகுப்பு எடுக்கலாமா? தூக்கமே போச்சு.

குன்னூர்_தம்பி: முதல்ல ஒரு நல்ல ஹெட்செட் வாங்குங்க அக்கா. லேப்டாப் மைக்கில் ல, ள, ழ எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கும்.

வெலிங்டன்காரன்: ஊட்டிக் குளிரில் வளர்ந்த திமிரில் ஒரே ஒரு ஜெர்க்கினோடு வந்திறங்கினவன் நான். குளிர் ஒன்றும் செய்யவில்லை, டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டுவதுதான் ஆளைச் சாய்த்தது. குடோனில் நைட் ஷிஃப்ட் பார்த்ததால்தான் நாலு பேரிடம் பேச வாய்த்தது. வீட்டுக்குள்ளேயே உட்காராதீங்க, கடை வேலைக்குப் போங்க.

லவ்டேல்_அக்கா: டீச்சரைப் போய் கடைக்கு அனுப்புறீங்களே! டீச்சர்-மாணவரைச் சேர்த்துவைக்கும் ப்ரெப்ளி வெப்சைட்டில் சேரும்மா, ஆள் தானாக வரும்.

குன்னூர்_தம்பி: அதில் டிரையல் வகுப்புப் பணம் முழுக்க அவங்களுக்கே. அப்புறமும் கமிஷன் 33 சதவீதத்தில் தொடங்கி, மணிக்கணக்கு ஏற ஏறத்தான் 18க்கு இறங்கும்.

லவ்டேல்_அக்கா: கமிஷனாவது பரவாயில்லை, நம்ம ஆளுங்க பேரத்துக்கு! பியானோ டீச்சர் கேட்டதை வாயைத் திறக்காமல் கொடுப்பாங்க. தமிழ் என்றால் மட்டும் "நம்ம பாஷைதானே, அஞ்சு பவுண்ட் போதாதா"ம்பாங்க. அதுவும் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரே ஸ்கிரீன் முன்னாடி உட்கார வைத்து, ஒருத்தனுக்குத்தான் காசு!

அரவேணு_ஆன்லைன்: இங்கே ஊரில் மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும், பாதி வகுப்பில் திருக்குறள் அந்தரத்தில் நிற்கும். நீங்க அங்கே உட்கார்ந்து குறை சொல்றீங்க.

வெலிங்டன்காரன்: அது சரி, யாராவது வர்க்கி பார்சல் அனுப்புவீங்களா?

பழைய_கேத்தி: வர்க்கி இருக்கட்டும். தங்கச்சி, என்ன விசா என்று சொல்லவே இல்லையே. வீட்டுக்காரர் ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசா, நீங்க அவரைச் சார்ந்து வந்த டிபெண்டென்ட் என்றால் சொந்தத் தொழில் செய்யலாம். உங்களுடையதே ஸ்டூடன்ட் விசா என்றால் கூடாது, இன்றே நிறுத்துங்க. ஆன்லைனில் இருக்கும் உங்க இ-விசாவில் நிபந்தனை இருக்கும், பாருங்க.

வரிக்கணக்கு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. அதற்குள் தொழில் வரவு, செலவு கழிக்காமல், 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த வரி வருஷம் முடிந்து வரும் அக்டோபர் 5க்குள் செல்ஃப் அசெஸ்மென்ட்டுக்கு, அதாவது நாமே வரிக்கணக்கு காட்டுவதற்கு, பதியணும். பணம் ஊருக்குப் போனாலும் பாடம் எடுப்பது இங்கேதானே, அதுவும் கணக்கில் சேரும். ஊர் சேவிங்ஸ் அக்கவுண்ட்டையும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ அக்கவுண்ட்டாக மாற்றச் சொல்லுங்க பேங்கில். ஊர்ப் பிள்ளைகளும் இருந்தால், அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரம் மாறும், நாலரை மணி வித்தியாசம் அஞ்சரையாகும், முன்கூட்டியே சொல்லிவையுங்க.

கோத்தகிரி_டீச்சர்: டிபெண்டென்ட்தான் அண்ணா, இப்போதான் மூச்சு வருது! இன்வாய்ஸில் என்ன போடணும்? நம்பர் ஒன்றிலிருந்தா?

பழைய_கேத்தி: உங்க பெயர், முகவரி, அவங்க பெயர், தேதி, எத்தனை வகுப்பு, எவ்வளவு தொகை. நம்பர் எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம், ஒரே நம்பர் ரெண்டு தடவை வராமல் பார்த்துக்கோங்க.