வடிக்கத் தெரிஞ்சா போதும்: ஈரான்காரங்க பச்சைச் சோறு, டொரொண்டோவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

இங்க புதுசா வந்தவங்க நிறைய பேரு கீரையே கிடைக்கல, பெரிய கடையில பிளாஸ்டிக் டப்பாவுல நாலு காம்ப வச்சுட்டு காச புடுங்குறான்னு புலம்புறத பாக்குறேன். நானும் முதல் ஆறு மாசம் அப்படித்தான் திரிஞ்சேன். ஃபிஞ்ச் ஸ்டேஷன்ல இறங்கி யங் ஸ்ட்ரீட்ல வடக்கால ஸ்டீல்ஸ் வரைக்கும் ஒருநாள் சும்மா நடந்து பாருங்க, அந்தப் பக்கம் பூரா ஈரானியன் கடைங்க, அதுக்குன்னே டெஹ்ராண்டோன்னு பட்டப்பேரே இருக்கு. ஸ்கார்பரோவுல இருக்கவங்களுக்கு 39 ஃபிஞ்ச் ஈஸ்ட் பஸ் ஸ்டேஷனுக்கே கொண்டாந்து விட்டுரும். அங்க கொத்தமல்லி, அதே மாதிரி இருக்குற பார்ஸ்லி, டில், வெந்தயக்கீரை எல்லாம் நம்ம மார்க்கெட்ல விக்கிற மாதிரி கட்டு கட்டா கிடக்கும். ஏன் அவ்ளோ வாங்குறாங்கன்னா அவங்க கீரைய மேல தூவுறதுக்கு வாங்கல, சோத்துல பாதிக்குப் பாதி கலக்குறதுக்கு வாங்குறாங்க. அந்தச் சோறுதான் சப்ஸி போலோ. சப்ஸின்னா அவங்க பாஷையில பச்சை இலை, போலோன்னா நம்ம புலாவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். மார்ச் 20 வாக்குல வர்ற அவங்க புது வருஷம் நவ்ரூஸுக்கு மீனோட சேத்து இதத்தான் சாப்பிடுவாங்க.

எங்க அபார்ட்மெண்ட்ல எதிர் வீட்டுல ஒரு ஈரானியம்மா, எழுபது வயசுக்கு மேல இருக்கும், நான் அவங்க பாஷையில மரியாதையா 'கானும்'னு கூப்பிடுவேன். ஒரு நவ்ரூஸுக்கு தட்டு நிறைய இத கொண்டாந்து குடுத்தாங்க. பச்சைப் பசேல்னு சோறு, ஓரத்துல பொன்னிறமா மொறுமொறுன்னு ஒரு துண்டு. நான் அத அடிப்பிடிச்ச காந்தல்னு நினைச்சு தள்ளி வச்சுட்டேன், அப்புறம் கடிச்சுப் பாத்தா அதுதான் அந்தத் தட்டுலயே உசத்தி. பேரு தாதிக், தா-ன்னா அடி, திக்-ன்னா சட்டி. நம்ம வீட்டுல அடிப்பிடிச்சா திட்டு விழும், அவங்க வீட்டுல அதுக்குத்தான் அடிதடி.

சரி, செய்முறைக்கு வரேன். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இதுல பாதி வேலை உங்களுக்கு ஏற்கனவே தெரியும். குக்கர் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஆத்தா பாட்டியெல்லாம் நிறைய தண்ணியில அரிசியப் போட்டு கஞ்சி வடிப்பாங்கல்ல, அதேதான். ஒரே வித்தியாசம், முக்கால் வேக்காட்டுலயே வடிச்சிரணும். நான் அத கேக்காம முழுசா வேகவச்சு வடிச்சு கீரையும் போட்டு தம்முல வச்சேன், திறந்து பாத்தா பச்சைக் கலர்ல பொங்கல். ரெண்டு நாள் அதத்தான் தின்னேன்.

அரிசி நீளமான பழைய பாஸ்மதி. ஈரான்ல தாரோம், ஹாஷெமின்னு அவங்க அரிசி இருக்கு, கடையிலயும் சில சமயம் வரும் ஆனா விலை கட்டுப்படியாகாது. பொன்னி, சோனா மசூரில முயற்சி பண்ணாதீங்க, சொல்லிட்டேன். நாலஞ்சு பேருக்கு மூணு கப் அரிசி, தண்ணி தெளியிற வரைக்கும் மெதுவா கழுவி, ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டு ஒரு மணி நேரம் ஊறணும். கைய போட்டு பிசையாதீங்க, ஊறின அரிசி டக்குனு ஒடிஞ்சுரும்.

இப்ப கீரை. இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறது. பார்ஸ்லி ஒரு கட்டு (சுருட்டை இல்ல, தட்டை இலை), கொத்தமல்லி ஒரு கட்டு, டில் ஒரு கட்டு, அப்புறம் 'தரே'ன்னு ஒரு கீரை இருக்கும், மெல்லிசா புல்லு மாதிரி நீளமா பூண்டு வாசனையோட, அது கிடைக்கலன்னா வெங்காயத்தாளோட பச்சைப் பகுதி மட்டும் போதும். வெந்தயக்கீரை ஒரு கைப்பிடி, அதுக்கு மேல போட்டா கசக்கும். டில்ங்கறது வேற ஒண்ணும் இல்ல, பிள்ளை பெத்தவங்களுக்கு நாட்டு மருந்துல சதகுப்பைன்னு விதைய சேப்பாங்கல்ல, அதோட இலை. பெங்களூருல இருந்தவங்களுக்கு சப்பசிகே சொப்புன்னா தெரியும். நல்லா மண்ணு போக ரெண்டு மூணு தண்ணியில அலசிட்டு, இத கவனமா கேளுங்க, நறுக்குறதுக்கு முன்னாடி காயணும். துண்டுல பரத்தி ஒரு மணி நேரம் ஃபேன் அடியில விடுங்க. ஈரத்தோட நறுக்குனா கீரை நசுங்கி சாறு விட்டு சோறு குழைஞ்சுரும். மிக்ஸிய தொடவே கூடாது, கத்திதான். கெட்டிக் காம்பெல்லாம் எடுத்துருங்க. நான் சனிக்கிழமை ராத்திரி கழுவி காயப்போட்டு ஞாயித்துக்கிழமை நறுக்குவேன், ஊருக்கு வீட்டுக்கு போன் பேசிக்கிட்டே நறுக்குனா நேரம் போறதே தெரியாது.

பெரிய பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது தாராளமா உப்பு போடுங்க, வடிச்சா போயிரும் பயப்படாதீங்க. ஊறின அரிசியப் போட்டு அஞ்சு நிமிஷத்துல இருந்தே ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாத்துக்கிட்டே இருங்க. ஓரம் மெத்துன்னும் நடுவுல ஒரு முள்ளு மாதிரி கெட்டியாவும் இருந்தா அதுதான் பதம், பிரியாணிக்கு தம் போடுறவங்களுக்கு நான் சொல்லணுமா. உடனே வடிச்சிருங்க, உப்பு தூக்கலா தெரிஞ்சா லேசா தண்ணி ஊத்தி அலசிக்கலாம்.

அடி கனமான நான்ஸ்டிக் பாத்திரத்துல நாலு ஸ்பூன் எண்ணெய் ஊத்தி சூடானதும் உருளைக்கிழங்க அரை சென்டிமீட்டர் வட்டமா வெட்டி அடுக்குங்க, மேல துளி உப்பு. தயிரும் குங்குமப்பூவும் அரிசியும் கலந்து போடுற தாதிக்தான் ராஜா, ஆனா முதல் தடவைக்கு கிழங்குதான் பாதுகாப்பு, லவாஷ்னு மெல்லிசு ரொட்டி கூட பரப்பலாம். அதுக்கு மேல சோறு ஒரு அடுக்கு கீரை ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்தி, அமுக்காம, கோபுரம் மாதிரி குவிச்சுக்கிட்டே போங்க. கரண்டிக் காம்பால அங்கங்க நாலஞ்சு ஓட்டை. மிதமான தீயில ஏழெட்டு நிமிஷம், ஆவி வந்ததும் மேல ரெண்டு ஸ்பூன் வெண்ணெயும் கொஞ்சம் சுடுதண்ணியும் தெளிச்சு, மூடிய துணியில சுத்தி மூடிட்டு தீய நல்லா குறைச்சு நாப்பத்தஞ்சு நிமிஷம். துணி எதுக்குன்னா ஆவித்தண்ணி திரும்ப சோத்துல சொட்டக் கூடாதுல்ல. துணி முனைய மூடிக்கு மேல தூக்கி முடிச்சு போட்டுருங்க, தொங்கவிட்டா தீப்பிடிக்கும். இடையில திறந்து பாக்குற பழக்கத்த விட்டுருங்க, எனக்கு இன்னும் கை அரிக்கும்.

இறக்கினதும் பாத்திரத்தோட அடிய சிங்க்ல பச்சைத் தண்ணியில ஒரு நிமிஷம் வைங்க, சுர்ருன்னு சத்தம் வரும், தாதிக் தானா விட்டுக் குடுக்கும்.

குங்குமப்பூ பத்தி ஒரு வார்த்தை. கொஞ்சூண்டு சர்க்கரையோட சின்ன உரல்ல பொடி பண்ணி ரெண்டு ஸ்பூன் சுடுதண்ணியில ஊறவச்சு கடைசியில ஒரு கரண்டி சோத்துல கலந்து மேல தூவுவாங்க. அப்படியே இழை இழையா போட்டா காசுக்குக் கேடு. வசதி இல்லன்னா விட்டுருங்க, மஞ்சள்தூள் போட்டு ஏமாத்த வேணாம், இந்தச் சோத்துக்கு உயிரு கீரைதான்.

மீன் வறுக்கும்போது ஜாக்கிரதை, இது சமையல் டிப்ஸ் இல்ல வாழ்க்கை டிப்ஸ். ஈரான்ல காஸ்பியன் கடல் வெள்ளை மீன் போடுவாங்க, இங்க ட்ரௌட்டோ திலாப்பியாவோ போதும், உப்பு மஞ்சள் தடவி வறுக்குறதுதான். முதல் தடவை நான் ஊரு மாதிரி எண்ணெய புகைய விட்டு வறுத்தேன், ஸ்மோக் அலாரம் கத்த ஆரம்பிச்சு பதட்டத்துல காரிடார் கதவ திறந்து விட்டுட்டேன், புகை மொத்தமும் வெளிய போயி மாடி முழுக்க தலைய நீட்டிப் பாக்குறாங்க. கதவ திறக்காதீங்க, ஜன்னல திறங்க, ஃபேன முன்னாடியே போட்டு வைங்க. இப்பல்லாம் ஓவன்லயே வச்சிர்றேன்.

இன்னொண்ணு, ஈரானியன் கடையில காசு குடுக்கும்போது சில பெரியவங்க "காபெல் நதாரே"ன்னு சொல்லுவாங்க, உங்களுக்கு குடுக்குற அளவுக்கு இது ஒண்ணும் பெருசு இல்லங்கற மாதிரி. அது தாரோஃப்னு அவங்க மரியாதை. ஃப்ரீயா குடுத்துட்டாங்கன்னு பைய தூக்கிட்டு கிளம்பிராதீங்க, நான் கிட்டத்தட்ட கிளம்பிட்டேன். ரெண்டு தடவை வற்புறுத்தி காச குடுங்க, வாங்கிக்குவாங்க. நம்ம வீட்டுல "சாப்பாடெல்லாம் வேணாங்க"ன்னு மூணு தடவை சொல்லிட்டு நாலாவது தடவை உக்காருவோம்ல, அந்தக் கதைதான்.

பதில் (ஸ்கார்பரோ): அண்ணை, நான் வந்த புதுசில பார்ஸ்லிய கொத்தமல்லி எண்டு நினைச்சு வாங்கி ரசம் வைச்சனான், மனுசி இண்டைக்கும் சொல்லிக் காட்டுறவ. எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?

நான்: கண்ணால மட்டும் பாத்துச் சொல்றது கஷ்டங்க, கசக்கி மோந்து பாக்கணும். கொத்தமல்லி வாசம் உங்களுக்கு நான் சொல்ல வேணாம், பார்ஸ்லி புல்லு மாதிரி இருக்கும். கடையில யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, ஈரானியம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் மோந்து பாத்து வாங்குறாங்க.

பதில் (மெல்போர்ன்): நாங்க சைவம், மீன் இல்லாம இது நல்லாருக்குமா? அப்புறம் பிள்ளைங்க இவ்ளோ கீரைய பாத்தாலே ஓடிரும்.

நான்: தாராளமா நல்லாருக்கும் அக்கா. மாஸ்தோ கியார்னு அவங்க ஒண்ணு வைப்பாங்க, தயிர்ல வெள்ளரிக்காய் நறுக்கி காஞ்ச புதினா தூவுனது, அதாவது நம்ம தயிர்ப் பச்சடி. அது போதும். பிள்ளைங்களுக்கு பாகாலி போலோ செஞ்சு குடுங்க, இதே முறைதான், கீரைக்கு பதிலா டில் மட்டும், கூட தோலுரிச்ச அவரை மாதிரி ஒரு பயறு (ஃபாவா பீன்ஸ்), ஃப்ரோசன்ல கிடைக்கும். கிழங்கு தாதிக்க முதல்ல கையில குடுத்துருங்க, மத்தது தானா உள்ள போகும்.

பதில் (மிசிசாகா): காஞ்ச கீரை பாக்கெட் விக்கிறாங்களே, அது ஓகேவா? வேலை முடிச்சு வந்து கட்டு கட்டா ஆய யாரால முடியும்.

நான்: ஜனவரியில நானும் அதான் போடுறேன். இளஞ்சூட்டுத் தண்ணியில பதினஞ்சு நிமிஷம் ஊறவச்சு நல்லா பிழிஞ்சு போடுங்க, வாசனை பாதிதான் வரும், ரெண்டு பல்லு பூண்டு நசுக்கி சேத்தா பரவால்ல. அதவிட நல்ல வழி, கீரை மலிவா கிடைக்கும்போது மொத்தமா நறுக்கி பையில போட்டு ஃப்ரீசர்ல வச்சுக்கறது. எங்க கானும் அப்படித்தான் பண்றாங்க, அவங்க ஃப்ரீசர திறந்தா பச்சை செங்கல் அடுக்குன மாதிரி இருக்கும்.

பதில் (ஸ்கார்பரோ): அந்த அம்மாட தட்டை எப்பிடி திருப்பிக் குடுத்தனீங்கள், வெறுந்தட்டாவோ?

நான்: வெறுந்தட்டு குடுத்தா எங்கம்மா ஊர்ல இருந்தே என்னைத் திட்டும். எலுமிச்சைச் சோறு வச்சு குடுத்தேன். அவங்க புது வருஷத்துக்கு மீன் மேல நாரெஞ்ச்னு ஒரு புளிப்பு ஆரஞ்சு பிழியுவாங்களாம், பேரக் கேட்டதும் எனக்கு நம்ம நாரத்தங்காதான் ஞாபகம் வந்துச்சு. அடுத்த வாரம் ஊர்ல இருந்து வந்த நாரத்தங்கா ஊறுகாய ஒரு சின்ன பாட்டில்ல குடுத்தேன், ஒரு துண்டு வாயில போட்டுட்டு கண்ண மூடி உப்பு உப்புன்னாங்க, ஆனா பாட்டில திருப்பித் தரல.