ஒளிப்பருமனா, ஒளித்தரமா? போக்சனின் அளவுகோலுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

விண்மீன் போன்ற வான்பொருள்கள் எவ்வளவு ஒளியுடன் தெரிகின்றன என்பதை எண்ணால் குறிக்கும் அளவுகோலை ஆங்கிலத்தில் 'magnitude' என்பர். அதற்குத் தமிழில் 'ஒளிப்பருமன்' என்பதையே நிலைநிறுத்தலாம் என்று நம் குழுவுக்கு வந்த முந்தைய மடல் முடித்திருந்தது; அதில் நான் வேறுபடுகிறேன். ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன் இந்த அளவுகோலை எந்தத் தேவைக்காக வகுத்தார் என்று பார்த்தால், நமக்கு வேண்டிய சொல் கைக்கு எட்டிவிடும் என்பது என் எண்ணம்.

1829-இல் நாட்டிங்காமில் பிறந்த போக்சன், 1856-இல் ஆக்சுபோர்டில் ஐசிசு என்ற சிறுகோளைக் கண்டார். ஒளிப்படத் தட்டுகள் இத்தேடலுக்கு வராத காலம் அது. தொலைநோக்கியில் தெரியும் விண்மீன்களை ஒவ்வொன்றாக வரைபடத்தோடு ஒப்பிட்டு, அதில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால், அது இடம் பெயர்கிறதா என்று மறுபடியும் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். அந்தப் புள்ளி எவ்வளவு மங்கலாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரிவது இவ்வேலையில் பெருந்துணை. 36 சிறுகோள்கள் 1857-இன் ஒவ்வொரு மாத முதல் நாளிலும் எவ்வளவு ஒளியுடன் தெரியும் என்று கணித்து அவர் 1856-இல் வெளியிட்ட கட்டுரையில்தான், ஒரு படி இறங்கினால் ஒளி 2.512 மடங்கு குறையும் என்ற விகிதம் இடம்பெற்றது. ஐந்து படி இறங்கினால் நூறில் ஒரு பங்காகிவிடும்.

1861-இல் சென்னை வானாய்வகப் பொறுப்பேற்ற அவர், அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று கண்ட சிறுகோள், ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதலாவது என்பதால் 'ஆசியா' எனப் பெயர் பெற்றது. பின்னர் சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா ஆகியவற்றையும் இங்கிருந்தே கண்டார். 1891-இல் சென்னையிலேயே மறைந்தார்.

இனி சொல்லுக்கு வருகிறேன். 'பருமன்' என்றால் எண் கூடக் கூடப் பொருளும் பெரிதாகும் என்றே எவரும் கொள்வர்; இங்கோ எண் கூடினால் ஒளி மங்குகிறது. 'மங்கலெண்' என்ற மற்றொரு பரிந்துரை இதைச் சரியாகச் சொன்னாலும், காதில் 'மங்கல எண்' என்றே விழுகிறது. 'தரம்' அப்படியன்று. முதல் தரம் உயர்ந்தது, இரண்டாம் தரம் அதற்குக் கீழ் என்பது நம் அன்றாடப் பேச்சிலேயே உள்ள வரிசை; ஆறாம் தர விண்மீன் முதல் தரத்தைவிட மங்கலானது என்பதற்கு விளக்கமே வேண்டியதில்லை. தரம் பண்பைக் குறிக்காதா என்ற ஐயம் நியாயமானதே. அதனால்தான் தனியே நிறுத்தாமல் 'ஒளித்தரம்' என்று கூட்டுச்சொல்லாக முன்மொழிகிறேன்.

கிளைச்சொற்களும் இடரின்றி அமைகின்றன: வானில் தெரிவது தோற்ற ஒளித்தரம், தொலைவின் விளைவை நீக்கிக் கணிப்பது தனி ஒளித்தரம். சிரியசு போன்ற மிகு ஒளி விண்மீன்களின் எண் சுழிக்கும் கீழே போகும்; அந்த எதிர்மதிப்பை 'எதிர் 1.46 ஒளித்தரம்' என்று படிப்பது மட்டும் எனக்கு முழு நிறைவளிக்கவில்லை. இதைவிட நல்ல வழி தோன்றினால் எழுதுங்கள்.