‘இன்ஃபினிட்டி காசில்’ பாக்க முன்னாடி எதெல்லாம் பாக்கணும்?

வண்ணார்பேட்டை_ரசிகன்: அண்ணாச்சிமாரே, ‘டீமன் ஸ்லேயர்’ங்கற ஜப்பானிய அனிமே தொடரோட ‘இன்ஃபினிட்டி காசில்’ படத்த நேரடியா பாத்தா புரியுமா? தமிழ்ல பாக்கவா, ஜப்பானிய மொழியிலயா?

பாளை_பனை: நேரடியா பாத்தா புரியாது வே. முதல் சீசன் 26 எபிசோடு, பிறகு ‘முகென் ட்ரெயின்’ படம், அப்புறம் தொடரோட அடுத்த பகுதிங்க: என்டர்டெயின்மென்ட் டிஸ்ட்ரிக்ட் 11 எபிசோடு, ஸ்வார்ட்ஸ்மித் வில்லேஜ் 11, ஹஷிரா ட்ரெயினிங் 8. முகென் ட்ரெயின் 7 எபிசோடாவும் இருக்கு, கதை ஒண்ணுதான், ஏதாவது ஒண்ணு போதும். ஆனா அத விட்டுராதீரும். அகாசாங்கற அரக்கன் யாருன்னு அங்கதான் தெரியும். அது தெரியாம இந்தப் படத்துல அவன் மேல கோவமும் வராது, இரக்கமும் வராது.

கொக்கிரகுளம்_கரை: படம் 2 மணி 35 நிமிசம் ஓடுது. சண்டை சூடு பிடிக்கும்போதெல்லாம் பிளாஷ்பேக் வந்து வேகத்த அமுக்குது. மூலக் கதையான மாங்காவுல (ஜப்பானிய காமிக்ஸ்) நாலு பக்கம் புரட்டினா கடந்துரலாம், தியேட்டர்ல உக்காந்துதான் ஆகணும். அகாசாவோட பழைய கதை மட்டும் நீளத்துக்குத் தகுதியானது, மனச உலுக்கிரும். சுழலுற கோட்டை கம்ப்யூட்டர்ல செஞ்ச 3டி, அதுல வர்ற கதாபாத்திரங்க வரைஞ்ச படம். ரெண்டும் ஒட்டலன்னா கால் தரையில வழுக்குறாப்ல தெரியும். படத்த எடுத்த யூஃபோடேபிள் நிறுவனம் ஒளி, புகை எல்லாத்தையும் தங்க ஸ்டூடியோவுலயே சேர்க்கறதால அந்தக் குறை தெரியல.

பாளை_பனை: முதல் தடவ தமிழ்லயே பாரும். சப்டைட்டில் படிச்சா கண்ணு கீழயே நிக்கும், வாள்வீச்சு தப்பிரும். பிறகு குரலுக்காக ஜப்பானியத்துல பாரும். இது மூணு பாகத்துல முதல் பாகம், கதை முடியாது.